ப்ரொஃபைல் வெளியூர் போன கதை

சர்வர்களைக் கண்காணிக்கும் வேலையில் இருப்பவர்கள் இன்று எழுதும் கான்ஃபிக் கோப்புகளில் ஒரு பகுதி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எந்தெந்த நிரல்களிடமிருந்து ப்ரொஃபைல் எடுக்க வேண்டும், எத்தனை விநாடிக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், எடுத்ததன்மேல் என்னென்ன லேபிள்களை ஒட்ட வேண்டும், கடைசியில் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான், இருபது முப்பது வரிகளுக்குள் அடங்கிவிடும். ஒரு நிரல் தன் சிபியு நேரத்தை எந்த ஃபங்ஷனில் எவ்வளவு செலவழிக்கிறது என்ற கணக்கு, அந்த வரிகள் நடைமுறைக்கு வந்த நொடியிலிருந்து, தான் பிறந்த கணினியை விட்டுக் கிளம்பி வேறோர் ஊரில், சில சமயம் வேறொரு நிறுவனத்தின் கிடங்கில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. யாரும் கேட்காமலே, இரவும் பகலும். இது பொதுவழக்கானது ஏறத்தாழ 2018க்குப் பிறகுதான். ப்ரொஃபைல் எடுக்கும் வித்தைக்கோ வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நடுவில் இத்தனை காலம் ஏன் பிடித்தது? அளப்பதற்கான செலவு படிப்படியாகக் குறைந்தது, போதுமான அளவு குறைந்ததும் எப்போதும் அளந்துகொண்டே இருக்க முடிந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த விடை பொருந்தவில்லை. மலிவாக அளக்கும் வித்தை 1997லேயே கைவந்துவிட்டது. அளந்ததை அது பிறந்த இடத்திலிருந்து பெயர்த்து, வேறிடத்தில் வேறொருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி அனுப்பும் ஏற்பாட்டுக்குத்தான் அதற்குமேல் இருபது ஆண்டுகள் ஆயின.

தொடக்கத்தில் ப்ரொஃபைல் பயணப்படும் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை. 1971இல் டொனால்ட் க்னூத் ஃபோர்ட்ரான் நிரல்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். பாடப்புத்தக உதாரணங்களை விட்டுவிட்டு, ஸ்டான்ஃபோர்டிலும் லாக்ஹீட் நிறுவனத்திலும் மக்கள் உண்மையாகவே எழுதி ஓட்டிய நிரல்களை அவரும் கூட்டாளிகளும் திரட்டினார்கள்; அதற்காகக் குப்பைக்கூடைகளையும் கிளறினார்கள். ஒவ்வொரு வரியும் எத்தனை முறை ஓடியது என்று எண்ணிப் பார்த்ததில், நிரலின் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதி ஓட்ட நேரத்தில் பாதிக்குமேல் விழுங்குவது தெரிந்தது. அந்த 4 விழுக்காடு எங்கே இருக்கிறது என்று நிரலை எழுதியவரே தவறாக ஊகிக்கிறார் என்பதுதான் தொழிலைத் தொடங்கிவைத்த கண்டுபிடிப்பு. இனி எழுதப்படும் கம்பைலர்கள் எல்லாமே எந்தப் பகுதி அதிகம் செலவாகிறது என்று நிரலாளருக்குச் சொல்ல வேண்டும் என்று 1974இல் க்னூத் வற்புறுத்தினார். அவர் மனத்தில் இருந்த வாசகர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கை நிரலின் வரிகளுக்குப் பக்கத்திலேயே அச்சாகும். எழுதியவர், ஓட்டியவர், படிப்பவர் மூவரும் ஒருவரே. அதே ஆண்டுகளில் ஐபிஎம் 360, 370 கணினிகளில் இன்னொரு முறையும் இருந்தது. டைமர் குறுக்கிடும் ஒவ்வொரு முறையும் சிபியு எந்த முகவரியில் நிற்கிறது என்று எட்டிப்பார்த்துக் குறித்துக்கொள்வது. ஆயிரம் முறை பார்த்ததில் 300 முறை ஒரே ஃபங்ஷனில் நின்றால், நேரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு அங்கே போகிறது என்று பொருள். எல்லாவற்றையும் எண்ணாமல் சாம்பிள் எடுக்கும் இந்த உத்திதான் இன்றுவரை அடிப்படை. அளவீட்டைப் பொறுத்தவரை அரை நூற்றாண்டாக அடித்தளம் மாறவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

1973இல் யூனிக்ஸோடு வந்த ப்ராஃப் என்ற கருவி இந்த உத்தியை எல்லார் கைக்கும் கொண்டுவந்தது. கடிகாரம் ஒவ்வொரு முறை தட்டும்போதும் கெர்னல் நிரலின் அப்போதைய முகவரிக்கு உரிய கட்டத்தில் ஒன்று கூட்டும். நிரல் முடியும்போது அந்தக் கட்டங்கள் மான்.அவுட் என்ற கோப்பாக அதே டைரக்டரியில் விழும். ப்ராஃபை ஓட்டினால் அது மான்.அவுட்டையும் அருகில் கிடக்கும் நிரல் கோப்பின் பெயர்ப்பட்டியலையும் ஒன்றோடொன்று பொருத்தி, எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் என்று வரிசைப்படுத்தித் தரும். இந்த ஏற்பாட்டுக்குள் இரண்டு நிபந்தனைகள் ஓசையில்லாமல் உட்கார்ந்திருந்தன. நிரல் முடிந்தால்தான் ப்ரொஃபைல் உண்டு என்பது ஒன்று; கணக்கு போட்டுவிட்டு முடிந்துபோகும் நிரல்களுக்கு அது தடையல்ல, மாதக்கணக்கில் முடியாமல் ஓடும் சர்வருக்கு அது முழுத்தடை. மான்.அவுட்டும் அதைப் பிறப்பித்த நிரல் கோப்பும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. 1982இல் பெர்க்லியில் சூசன் கிரகாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கிர்க் மக்கூசிக் மூவரும் ஜிப்ராஃபை அறிமுகப்படுத்தினார்கள். யார் யாரை அழைத்தார்கள் என்ற அழைப்பு வலையையும் சேர்த்துக் காட்டி, ஒரு பொதுவான ஃபங்ஷன் செலவழித்த நேரத்தை அதை அழைத்தவர் கணக்கில் ஏற்றியதுதான் அதன் புதுமை. கூடுதல் சுமை 5 முதல் 30 விழுக்காடு. கோப்பின் பெயர் ஜிமான்.அவுட் ஆயிற்று, அது கிடக்கும் இடம் மாறவில்லை. ஆனால் இதே குழுவினர் தங்கள் கெர்னலையே அளக்க முனைந்தபோது முதல் நிபந்தனை உடைந்தது. கெர்னல் முடியாது; முடிந்தால் கணினியே நின்றுவிடும். ஆகவே 4.2பிஎஸ்டியில் கேஜிமான் என்ற துணைக்கருவியைச் சேர்த்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் அளவீட்டைத் தொடங்கவும் நிறுத்தவும், சேர்ந்த கணக்கை வெளியே எடுக்கவும் அது பயன்பட்டது. இன்றைய ப்ரொஃபைல் கலெக்டர்களுக்கு ஒரு முப்பாட்டன் தேவை என்றால் ஜிப்ராஃபைவிடக் கேஜிமானுக்குத்தான் உரிமை அதிகம் என்பேன். உயிரோடு இருக்கும் ஒன்றிலிருந்து கணக்கை எடுக்க வேண்டிய தேவை முதலில் எழுந்தது அங்கேதான்.

இந்த இடத்தில் அதே பெர்க்லியில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சென்ட்மெயிலை எழுதிய எரிக் ஆல்மன் 1980களில் அதற்குத் துணையாக சிஸ்லாகை உருவாக்கினார். அதன் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். லாக் செய்திகள் உள்ளூர்க் கோப்புக்குப் போவதற்குப் பதிலாக வலையின் மறுமுனையில் உள்ள வேறொரு கணினிக்குப் போகும். ஒரே வளாகம், ஒரே இயங்குதளம், ஏறக்குறைய ஒரே ஆண்டுகள். லாக் வெளியூர் போகக் கற்றுக்கொண்டது, ப்ரொஃபைல் வீட்டிலேயே கிடந்தது. வலை இல்லாததால் இல்லை, அனுப்பும் யோசனை யாருக்கும் தோன்றாததாலும் இல்லை. லாக் வரி தன் பொருளைத் தன்னோடு சுமந்து செல்கிறது. யார் படித்தாலும் இன்ன நேரத்தில் இன்ன நிரல் இன்ன பிழையைச் சொன்னது என்று புரிந்துவிடும். கச்சா ப்ரொஃபைலில் இருப்பவை நினைவக முகவரிகள் மட்டுமே. சர்வே எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பினால், அந்தக் கிராமத்துப் புலப்படம் கையில் இல்லாத எவருக்கும் அது எண்களின் குவியல்தான். இங்கே புலப்படம் என்பது அந்த நிரல் கோப்பு. அதுவும் அதே பதிப்பு, அதே கம்பைலர், அதே தேர்வுகளோடு உருவான கோப்பு. ஒரு வரி மாறி மறுபடி கம்பைல் ஆனாலே முகவரிகள் இடம்பெயர்ந்துவிடும். தவறான கோப்பை வைத்துப் படித்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, நம்பும்படியான பொய்தான் வரும். ஆகவே ப்ரொஃபைலை அனுப்புவது என்றால் அதன் பொருளையும் கூடவே அனுப்ப வேண்டும், அல்லது போய்ச் சேரும் இடத்தில் அதைத் திரும்பக் கட்டியெழுப்ப வேண்டும். இந்தச் சிக்கல் அளவீட்டின் வேகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதது.

அளவீட்டின் வேகத்தைப் பற்றிய பேச்சை 1997ஆம் ஆண்டே முடித்துவைத்திருக்க வேண்டும். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் ஆய்வாளர்கள் பத்துப் பேர் அந்த ஆண்டு இயங்குதள ஆய்வு மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தார்கள். ஜெனிஃபர் ஆண்டர்சன், ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவத், மோனிகா ஹென்ட்ஸிங்கர், ரிச்சர்ட் சைட்ஸ் ஆகியோர் அதில் அடக்கம். ஆல்ஃபா சிபியுவின் வன்பொருள் கவுன்ட்டர்களைப் பயன்படுத்தி, 333 மெகாஹெர்ட்ஸ் சிபியு ஒன்றில் விநாடிக்கு 5200க்கு மேற்பட்ட சாம்பிள்கள் எடுத்தார்கள். வேகத்தில் ஏற்பட்ட இழப்பு பெரும்பாலான வேலைகளில் 1 முதல் 3 விழுக்காடுதான். நிரலைத் திருத்த வேண்டாம், மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கெர்னல் உட்பட முழுக் கணினியும் எப்போதும் அளவீட்டில் இருக்கும். சாம்பிள் இடைவெளியைக்கூடச் சீராக வைக்காமல் தற்போக்காக மாற்றினார்கள். ஒழுங்கான இடைவெளியில் பார்த்தால், அதே தாளத்தில் ஓடும் வேலை ஒன்று எப்போதும் கண்ணில் படலாம் அல்லது படாமலே தப்பலாம். லினக்ஸில் 100 ஹெர்ட்ஸுக்குப் பதில் 99 ஹெர்ட்ஸ் வைக்கும் இன்றைய வழக்கமும் அதே அச்சத்தின் எளிய வடிவம். சாம்பிள்கள் கெர்னலில் இருந்த டிரைவரிலிருந்து ஒரு டீமனுக்கு வந்து, எந்த முகவரி எந்த நிரல் கோப்பைச் சேர்ந்தது என்று பிரிக்கப்பட்டு, வட்டில் ஒரு தரவுத்தளமாகச் சேர்ந்தன. எடுப்பவர், பிரிப்பவர், சேமிப்பவர் என்று இன்று நாம் காணும் உறுப்புகள் அத்தனையும் அங்கே உண்டு, ஒன்றைத் தவிர: அந்தத் தரவுத்தளத்துக்கு அப்பால் அனுப்பும் உறுப்பு.

ஆல்ஃபா சிபியுவே அழிந்துபோயிற்று, அதனோடு அந்தக் கருவியும் போயிற்று, வேறென்ன காரணம் வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், டிஜிட்டல் நிறுவனத்தை 1998இல் காம்பாக் வாங்கியது, ஆல்ஃபாவின் கதையும் அதன்பின் நீடிக்கவில்லை. ஆனால் கருத்து சாகவில்லை. 2000களின் தொடக்கத்தில் ஜான் லெவன் தொடங்கிய ஓப்ராஃபைல் அதே வடிவத்தைச் சாதாரண பிசிக்களில் ஓடும் லினக்ஸுக்குக் கொண்டுவந்தது: அதே கவுன்ட்டர்கள், அதே டீமன், முழுக் கணினிக்குமான அளவீடு. 2009இல் லினக்ஸ் கெர்னலின் 2.6.31 பதிப்போடு பெர்ஃப் வந்தது. இலவசமாக, உலகின் ஏறக்குறைய எல்லா சர்வர்களிலும் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்த கருவிகள் இவை. அப்படியிருந்தும் எப்போதும் அளப்பது ஒரு பழக்கமாகவில்லை. சர்வர் திணறும்போது ஒருவர் உள்ளே நுழைந்து பெர்ஃபை ஓட்டுவார், வந்த கோப்பைப் பார்ப்பார், வெளியே வருவார். அதற்குள் திணறல் நின்றிருந்தால் போனது போனதுதான். ஆக, அளவீடு மலிவாகவும் பொதுவாகவும் கிடைத்த பிறகும் பத்தாண்டுகளுக்குமேல் பழக்கம் மாறவில்லை. செலவு குறைந்ததுதான் காரணம் என்ற விளக்கம் இந்தப் பத்தாண்டுகளை விழுங்க முடியாமல் திணறுகிறது.

பழக்கம் முதலில் மாறிய இடம், ஆயிரக்கணக்கான கணினிகளும் ஒரே உரிமையாளர் கையில் இருந்த இடம். கூகுளின் உள்ளே இயங்கிய அளவீட்டு ஏற்பாட்டைப் பற்றி 2010இல் காங் ரென் முதலானோர் எழுதினார்கள். டீனும் கெமாவத்தும் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே டிஜிட்டலிலிருந்து அங்கே போயிருந்தார்கள் என்பது தற்செயல் இல்லை, ஆனால் அந்தக் கட்டுரையில் சாம்பிள் எடுப்பதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. புதியது அஞ்சல் ஏற்பாடு. கலெக்டர் எல்லாக் கணினிகளின் பட்டியலிலிருந்து சிலவற்றைத் தற்போக்காகத் தேர்ந்தெடுக்கும். தொலைவிலிருந்தே அவற்றில் சிறிது நேரம் அளவீட்டைத் தொடங்கும். கணக்கை வாங்கிக்கொண்டு அடுத்தவற்றுக்குப் போகும். நேரத்தில் மட்டும் சாம்பிள் எடுத்து வந்தவர்கள் இப்போது கணினிகளிலும் சாம்பிள் எடுத்தார்கள். அதனால் மொத்தச் சுமை 0.01 விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. சுமையைக் குறைத்ததே தொலைவிலிருந்து சேகரிக்கும் ஏற்பாடுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கமான விளக்கம் காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றி வைத்திருக்கிறது. முகவரிகளுக்குப் பெயர் சூட்டும் வேலையை அளக்கப்படும் கணினியில் செய்யவே இல்லை. ஓடும் ஒவ்வொரு நிரலின் பெயர்ப்பட்டியல் உள்ள பதிப்பும் ஒரு பொதுக் கிடங்கில் இருந்தது. முகவரிகள் அங்கே வந்து சேர்ந்த பிறகுதான் பெயர் பெற்றன.

இப்படி ஓரிடத்தில் குவித்ததால் தெரியவந்தது என்ன என்பதற்கு 2015இல் ஸ்வில்லன் கனெவும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. மூன்று ஆண்டுகளில் 20,000க்கு மேற்பட்ட கூகுள் கணினிகளிலிருந்து சேர்ந்த கணக்குகளை அவர்கள் ஒன்றாக்கிப் பார்த்தார்கள். நினைவகம் ஒதுக்குதல், தரவைச் சுருக்குதல், செய்திகளைப் பொதிந்து பிரித்தல், தொலை அழைப்புகள், தரவை இடம்விட்டு இடம் நகர்த்துதல் போன்ற அடித்தட்டு வேலைகள் மொத்த சிபியு நேரத்தில் 30 விழுக்காட்டை நெருங்கின. தனித்தனியாக எந்த நிரலின் ப்ரொஃபைலைப் பார்த்தாலும் இவை சில்லறைச் செலவுகள். எந்த நிரலாளரும் அவற்றுக்காகத் தூக்கம் கெட மாட்டார். எல்லாருடைய சில்லறையையும் ஓர் இடத்தில் கொட்டியபோதுதான், அவற்றுக்கென்றே வன்பொருள் வடிவமைக்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அது பெரிதாகத் தெரிந்தது. மெட்டா நிறுவனம் 2025இல் பகிர்ந்த செய்தி ஒன்றும் இதே வகை. அதன் தொடர் அளவீட்டு ஏற்பாட்டின் தரவைப் பார்த்த ஒரு பொறியாளர், விளம்பரச் சேவையின் முக்கியமான சி++ பாதையில் ஒரு பட்டியல் தேவையில்லாமல் நகலெடுக்கப்படுவதைக் கண்டார். ஒரேயொரு ஆம்பர்சண்ட் குறியைச் சேர்த்தார். ஆண்டுக்கு 15,000 சர்வர்களின் திறன் மிச்சம் என்று மதிப்பிட்டார்கள். சேமிப்பின் அளவு அந்தக் குறியால் வந்ததில்லை, அந்தப் பாதை எத்தனை கணினிகளில் ஓடுகிறது என்பதால் வந்தது. கணக்கு ஓரிடத்தில் சேராமல் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஒரே கூரைக்குக் கீழே எல்லாம் இருந்தவர்களுக்கு இது எளிது. மற்றவர்களுக்கு? கோ மொழி இங்கே ஒரு கதவைத் திறந்தது. ஏறக்குறைய அதே பொருளில் ஒரு ஓட்டையையும் திறந்தது. கோ நிரலில் ஒரு வரி இம்போர்ட் சேர்த்தால் போதும், பிப்ராஃப் முகவரிப் பாதை ஒன்று உருவாகிவிடும். வெளியிலிருந்து எச்டிடிபி வழியாகக் கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் ப்ரொஃபைலைத் தரும். நிரல் முடிய வேண்டும் என்ற பழைய நிபந்தனை இதோடு ஒழிந்தது. 2017 வாக்கில், கோ 1.9 பதிப்பிலிருந்து, அது தரும் ப்ரொஃபைல் ஃபங்ஷன் பெயர்களையும் தன்னோடு சுமந்து வந்தது. இரண்டாம் நிபந்தனையும் போயிற்று. ப்ரொஃபைல் முதல்முறையாக லாக் வரியைப் போலத் தனியே பயணம் செய்யக்கூடியதாயிற்று. இதற்கிடையே 2011இல் பிரெண்டன் கிரெக் உருவாக்கிய ஃபிளேம் கிராஃப், ஆயிரக்கணக்கான அழைப்பு ஸ்டாக்குகளை ஒரே திரையில் அடக்கிக் காட்டி, நிரலை எழுதாதவரும் அதைப் படிக்க வழி செய்தது. ஓட்டை எது என்றால், அந்தக் கதவுக்குப் பூட்டு தானாக வருவதில்லை. 2019இல், குபர்னெட்டிஸ் ஒவ்வொரு கணினியிலும் ஓட்டும் குப்லெட் என்ற ஏஜென்ட்டில், உடல்நலம் விசாரிக்க மட்டும் என்று விடப்பட்டிருந்த, அனுமதி கேட்காத போர்ட்டில் பிப்ராஃப் பாதையும் திறந்துகிடந்தது கண்டுபிடிக்கப்பட்டு, பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவாகி, அடைக்கப்பட்டது. வருபவர் கேட்க, நிரல் கொடுக்கும் முறை உள்வீட்டுக்குச் சரி. வெளியூருக்கு அது ஒத்துவராது. ஊருக்கு வெளியே இருப்பவர் ஒவ்வொரு நிரலின் வாசலுக்கும் வந்து தட்ட நாம் விட முடியாது.

ஆகவே நடுவில் ஒருவர் தேவைப்பட்டார். 2018இல் கூகுள் தன் மேகச் சேவை வாடிக்கையாளர்களுக்குத் தொடர் அளவீட்டைக் கொடுத்தபோது அந்த நடுவர் அதன் சொந்த ஏஜென்ட். போய்ச் சேரும் இடமும் அதன் சொந்த இடம். 2021இல் பார்கா, பைரோஸ்கோப் என்ற தொடர் அளவீட்டுக் கருவிகள் திறந்த மூல வடிவில் வந்தன. 2023இல் பைரோஸ்கோப்பைக் கிராஃபானா நிறுவனம் வாங்கியது, 2024இல் அந்நிறுவனத்தின் புதிய கலெக்டரான அலாய் வெளியாயிற்று. அலாயில் இந்த வேலைக்கு எழுதும் கான்ஃபிக்கைப் பார்த்தால் சமரசம் எங்கே எட்டப்பட்டது என்று புரியும். அருகில் இருக்கும்வரை இழுத்தல்: கலெக்டர் நிரல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கமாக 15 விநாடிக்கு ஒருமுறை, அவற்றின் பிப்ராஃப் பாதையைக் கேட்டு வாங்குகிறது. தொலைவுக்குப் போகும்போது தள்ளுதல்: வாங்கியதை, தானே முன்வந்து, தொலைவில் உள்ள எண்ட்பாயின்ட்டுக்கு எழுதுகிறது. எண்ட்பாயின்ட் பகுதியில் முகவரி, கடவுச்சொல் அல்லது டோக்கன், எந்த வாடிக்கையாளர் கணக்கு என்று சொல்லும் ஹெட்டர், காத்திருக்கும் நேரம், அனுப்பல் தோற்றால் எத்தனை முறை எவ்வளவு இடைவெளி விட்டு மறுபடி முயல வேண்டும் என்பவை வரும். எண்ட்பாயின்ட் ஒன்றுக்குமேல் இருக்கலாம். ஒரே ப்ரொஃபைல் சொந்தக் கிடங்குக்கும் வெளி நிறுவனத்துக்கும் ஒரே நேரத்தில் போகும். எல்லாவற்றின்மேலும் ஒட்டப்படும் பொது லேபிள்களைத்தான் பலர் அலட்சியமாக எழுதுகிறார்கள். எந்தக் கிளஸ்டர், எந்தச் சேவை, எந்தப் பதிப்பு என்று அங்கே சொல்லப்படாவிட்டால், மறுமுனையில் இருப்பவருக்கு ஆயிரம் ப்ரொஃபைல்கள் ஒரே கூழாகத்தான் கிடைக்கும். அருகில் வைத்துப் படித்த காலத்தில் சொல்லாமலே தெரிந்திருந்த சூழலை, தொலைவுக்கு அனுப்பும்போது எழுத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.

ஓபன்டெலிமெட்ரி திட்டத்துக்குள் நடந்த விவாதம் என் வாதத்துக்கு இன்னொரு சான்று. லாக், மெட்ரிக், டிரேஸ் மூன்றையும் ஒரே நெறிமுறையில் ஏற்றிச்செல்லும் அந்தத் திட்டம் 2019இல் தொடங்கியது. நான்காவதாக ப்ரொஃபைலை ஏற்பதாக 2024 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டு, நிரலைத் தொடாமல் முழுக் கணினியையும் இபிபிஎஃப் (லினக்ஸ் கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வசதி) வழியாக அளக்கும் தன் ஏஜென்ட்டை எலாஸ்டிக் நிறுவனம் திட்டத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது. அளப்பது எப்படி என்பதில் பெரிய சண்டை இல்லை. சண்டை வந்தது மூட்டை கட்டுவதில். ஒரு ஸ்டாக்கில் இருக்கும் ஃபங்ஷன் பெயர்களை ஒருமுறை அனுப்பிவிட்டு, அடுத்த முறை முதல் சுட்டெண்ணை மட்டும் அனுப்பினால் வலைச்சுமை பெருமளவு குறையும். ஆனால் அப்படிச் செய்ய, பெறுபவர் முன்பு வந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும். நடுவில் கலெக்டர்களும் லோட் பேலன்சர்களும் நிற்கும் பாதையில், இரண்டாவது மூட்டை முதல் மூட்டை போன அதே இடத்துக்கே போகும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? கடைசியில் ஒவ்வொரு மூட்டையும் தனக்கு வேண்டிய பெயர்களைத் தானே சுமக்க வேண்டும் என்பது நிலைத்தது. ஓபன்டெலிமெட்ரி கலெக்டர் ப்ரொஃபைலை வாங்கவும் அனுப்பவும் கற்றுக்கொண்டது 2024 அக்டோபரில். அதுவும் தனியே ஒரு அனுமதிச் சுவிட்சைப் போட்டால்தான். எச்டிடிபி பாதையின் பெயரிலேயே டெவலப்மென்ட் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது.

இபிபிஎஃப்பைப் பற்றிய எதிர்வாதத்தை இங்கே தட்டிக்கழிக்க முடியாது. அது வந்த பிறகுதானே எல்லாம் எளிதாயிற்று என்பார்கள். பாதி உண்மை. எந்த மொழியில் எழுதிய நிரலானாலும் தொடாமல் அளக்க அது வழி செய்தது. ஆனால் இன்றைய தொடர் அளவீட்டுக்குத் தீனி போடும் பிப்ராஃப் பாதைக்கு இபிபிஎஃப் தேவையே இல்லை, முழுக் கணினி அளவீடோ 2009 முதல் பெர்ஃபில் இருக்கிறது. அளவீட்டின் பக்கத்தில் உண்மையான தடை வேறொன்று, அதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்: ஃபிரேம் பாயின்டர். சிறிது வேகத்துக்காகக் கம்பைலர்கள் அதைக் கைவிட்டிருந்ததால், சி, சி++ நிரல்களில் ஸ்டாக்கைப் பின்னோக்கிப் படிப்பது கடினமாகவோ செலவு பிடிப்பதாகவோ இருந்தது. ஃபெடோரா லினக்ஸில் அதை மீட்கும் முன்மொழிவு 2022இல் நிராகரிக்கப்பட்டு, 2023 ஜனவரியில் ஏற்கப்பட்டு, 38ஆம் பதிப்பில் வந்தது, உபுண்டு 24.04இல் பின்தொடர்ந்தது. ஆனால் அந்த விவாதத்தில் மீட்புக்காக வாதாடியவர்கள் யார் என்று பார்த்தால், ஏற்கெனவே தங்கள் கணினிப் பண்ணைகளில் ப்ரொஃபைல்களைச் சேகரித்துப் பயன் கண்டவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். அனுப்பும் பழக்கம் முன்னே வந்து, அளவீட்டைச் சீர்செய்யும்படி பின்னால் நெருக்கியது.

இன்னொரு எதிர்வாதம் பணம். மேகச் சேவையில் சிபியுவுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டத் தொடங்கிய பிறகுதான் நிறுவனங்களுக்கு இந்த அக்கறை வந்தது என்பது. அக்கறை வந்ததை மறுக்கவில்லை. ஆனால் மெயின்ஃபிரேம் காலத்திலும் கணினி நேரத்துக்குக் கட்டணம் இருந்தது. ஐபிஎம்மின் எஸ்எம்எஃப் பதிவுகளை வைத்துத் துறைதோறும் கணக்கு எழுதினார்கள். மொத்தச் செலவு மேலிடத்துக்குப் போயிற்று, எந்த ஃபங்ஷன் செலவழித்தது என்ற விவரம் நிரலாளரின் மேசையிலேயே நின்றது. பணம் ஒரு தேவையை உண்டாக்கும். அந்தத் தேவை எந்தப் பாதையில் போகும் என்பதைப் பாதை போட்டவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

பாதை போட்டதன் விளைவாக ப்ரொஃபைலின் உரிமை கைமாறியிருக்கிறது என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஜிமான்.அவுட் என் டைரக்டரியில் கிடந்தவரை என் நிரலின் மந்தம் எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. இன்று அது சேவை வாரியாக, வாரம் வாரியாக, செலவைக் குறைக்கும் பொறுப்பில் இருப்பவர் திரையில் தெரிகிறது. நிறுவனத்துக்கு அது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் எண்ட்பாயின்ட் வெளி நிறுவனத்துடையது என்றால் கேள்வி வேறு. சோர்ஸ் கோடின் ஒரு வரியையும் வெளியே விடாத நிறுவனங்கள், தங்கள் நிரலின் ஃபங்ஷன் பெயர்கள் அத்தனையையும், எது எதை அழைக்கிறது என்ற வரைபடத்தோடு, 15 விநாடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. கலெக்டரில் லேபிள்களை வெட்டலாம், சில சேவைகளை முழுவதுமாக விலக்கலாம். கம்பைல் செய்யப்பட்ட சி++, ரஸ்ட் நிரல்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: பெயர்ப்பட்டியலை நீக்கிய நிரலை ஓட்டி, முகவரிகளையும், நிரல் கோப்பின் அடையாள எண்ணான பில்ட் ஐடியையும் மட்டும் வெளியே அனுப்பி, பெயர்ப்பட்டியலைத் தங்கள் வளாகத்திலேயே வைத்துக்கொள்வது, 2019இல் எல்ஃப்யூட்டில்ஸ் கருவித்தொகுப்போடு வந்த டீபக்இன்ஃபோடி போன்ற சர்வர்கள் பெயர்ப்பட்டியலைப் பில்ட் ஐடி கொண்டு தேடித்தரவே இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் ப்ரொஃபைலை வீட்டில் கட்டிப்போட்ட அதே குறை, பெயரின்மை, இங்கே காவலாகப் பயன்படுகிறது. கோ நிரல்களுக்கு இந்த வழி இல்லை. அவற்றின் பிப்ராஃப், கலெக்டர் வாங்கும்போதே பெயர்களோடுதான் வருகிறது.